தலமரம் காணச் செல்லும் அன்பர்க்கு
(சொற்பொழிவின் சுருக்கம்)



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறையே வழிபடுதல் நம் முன்னோர் வகுத்த நெறி. அம்மூன்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது தலமரம். கற்றளி எழுவதற்கு முன்னரே இறைவனுக்கு நிழல் தந்து நின்றது மரமே எனத் தலபுராணங்கள் பலவும் கூறும். பழம்பெரும் மரங்களைக் காண விழைவோர்க்குச் சில இடங்களும் சில நெறிகளும் ஈண்டுக் கூறப்படுகின்றன.

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் விளங்குவது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் வீற்றிருந்த புளியமரம் இங்குள்ளது. இயல்பாகப் புளியின் இலைகள் இரவில் குவியும். இம்மரத்தின் இலைகள் குவிவதில்லை என்பது பற்றி இதனை 'உறங்காப்புளி' என்பர். வடதிசை யாத்திரையில் இருந்த மதுரகவியாழ்வார் தென்திசையில் தோன்றிய ஒளியைப் பின்பற்றி வந்து, இம்மரத்தடியிலேயே தம் ஆசிரியரைக் கண்டார். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் தொடர்வண்டியும் பேருந்தும் இவ்வூர் வழியே செல்கின்றன. நண்பகலில் நடை சாத்தப்படும். ஆதலின் காலையிலேயே செல்லுதல் நன்று. அருகே ஏனைய நவதிருப்பதிகளையும் சேவிக்கலாம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் வெண்ணாவல் மரம் தலமரமாகும். இறைவன் சம்புகேசுவரர் எனப் பெயர் பெற்றது இந்நாவலால் அன்றோ? திருவரங்கம் செல்வோர் இதனையும் எளிதில் தரிசிக்கலாம்.

இனி, கடைப்பிடிக்க வேண்டிய நெறி. மரத்திற்கு உணவு செல்லும் வழி பட்டையை ஒட்டியே அமைந்துள்ளது. கம்பியும் நைலான் கயிறும் கட்டி இறுக்கினால் அவ்வழி அடைபட்டுக் கிளை பட்டுப்போகும். வேரடியில் கற்பூரம் ஏற்றினால் வெப்பம் பட்டையைக் கருக்கும். ஆணி அடித்தலும், பட்டையைப் பிரசாதமென உரித்தலும், மஞ்சள் குங்குமத்தை நெகிழித் தாளோடு வேரில் வீசுதலும் பக்தி ஆகா. அடிமரம் வரை சிமெண்டுத் தளம் இட்டால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டா. தொட்டில் கட்டும் நேர்த்திக்கடன் உடையோர் கோயிலார் அதற்கென ஒதுக்கிய இடத்திலேயே அதனைச் செலுத்துக. மரத்தை வலம் வந்து, கைகூப்பி வணங்குதலே போதும்.

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடுமரம் 1989-இல் சூறைக்காற்றில் சாய்ந்தது. எனினும் விழுதுகள் தாங்க, மரம் வாழ்கிறது. எல்லா மரத்திற்கும் விழுது இல்லை. கடம்பவனம் எனப் பெயர் பெற்ற மதுரையில், மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் பழைய கடம்பின் உயிரற்ற அடிமரமே காத்து வைக்கப்பட்டுள்ளது.

கோபுரம் சிதைந்தால் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தலாம். பல நூறாண்டு நின்ற மரம் பட்டுப்போயின், அதனை மீட்டெழுப்பும் சிற்பி எங்கும் இலர். ஆதலின் தலமரத்தை உயிருள்ள திருமேனியாகப் போற்றுவோமாக! நம் மக்களின் மக்களும் அந்நிழலில் நின்று தொழுவாராக!

திருச்சிற்றம்பலம்.