குட்டி ஏஞ்சலை வாங்குமுன்



மீன் வளர்க்கும் ஆசை வந்துவிட்டால் திருத்தணிக்காரர்களுக்குச் சென்னை கொளத்தூர் ஒன்றும் தூரமில்லை. புறநகர் ரயில் இருக்கிறது. கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் ஏஞ்சல் என்று கேட்டால், நீண்ட துடுப்பு விரித்து நிற்கும் நன்னீர் மீனைத்தான் முதலில் காட்டுவார்கள். அதன் பூர்வீகம் அமேசான் நதி. இன்று நாம் பேசப்போவது உப்புநீரில் மட்டுமே வாழும் கடல் ஏஞ்சலைப் பற்றி. அது வேறு குடும்பம், வளர்ப்பும் வேறு.

கடல் ஏஞ்சல்களில் பேர்பெற்றது எம்பரர் ஏஞ்சல். நம் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளிலும் அது உண்டு. குட்டியாக இருக்கும்போது கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் சுற்றியிருக்கும். வளர்ந்தபின் அந்த வளையங்களில் ஒன்றுகூட மிஞ்சாது. நீலமும் மஞ்சளுமாக நீளக் கோடுகள் வந்துவிடும். இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். தன்னைப் போலவே கோடு போட்ட இன்னொரு மீன் எல்லைக்குள் வந்தால் பெரிய ஏஞ்சல் துரத்தும். வேறு நிறத்தில் இருப்பதால் குட்டி தப்பிக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம்.

இந்தக் கோடுகளில் ஒரு கணக்கும் இருக்கிறது. இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வெவ்வேறு வேகத்தில் பரவினால், உயிர்களின் உடம்பில் கோலம் தானாக விழும் என்று 1952இல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை சொன்னார். ஜப்பானின் ஷிகேரு கோண்டோவும் ரிஹிதோ அசாயும் ஏஞ்சல் மீன் வளர வளர அதைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மீன் பெருத்தபோது கோடுகள் அகலவில்லை. இடைவெளி அப்படியே இருக்க, கோடுகளின் எண்ணிக்கைதான் கூடியது. டூரிங்கின் கணக்குப்படியே நடந்த இதை அவர்கள் 1995இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். வீட்டில் வளர்ப்பவரும் பொறுமை இருந்தால் இதைக் கண்ணால் காணலாம்.

ஆனால் மாறுவது நிறம் மட்டுமல்ல. விரல் நீளக் குட்டி 40 சென்டிமீட்டர் வரை வளரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் 56 லிட்டர்தான் பிடிக்கும். வளர்ந்த எம்பரருக்கு 800 லிட்டராவது வேண்டும். அதற்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் தொட்டி தேவை. தண்ணீர் மட்டுமே 800 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியில் வைப்பதாக இருந்தால், தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையே 28 கிலோ ஆகும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், ஆர்.ஓ. நீரில் கரையுங்கள்.

அடுத்து, நம்ம ஊர் வெயில். கோடையில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. இந்த மீனுக்கோ 24 முதல் 27 டிகிரி வரை இருந்தால்தான் சுகம். தண்ணீர் சுட்டால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஆகவே சில்லர் என்ற குளிர்விப்பான் இங்கே கட்டாயம். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் வேண்டும். வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், உப்புநீரை ஊற்றாதீர்கள்.

தொட்டி தயாரானதும் மீனை விட்டுவிடவும் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதைத் தீங்கு குறைந்ததாக மாற்றித்தரும் பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கடலில் ஏஞ்சல்கள் கடற்பஞ்சுகளைக் கடித்துத் தின்பவை. தொட்டியில் போடும் இரையை அவை ஏற்காமலும் போகலாம். எனவே கடையில் பார்க்கும் மீன் உங்கள் கண்முன்னே இரை எடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

ஏஞ்சலின் முட்டைகள் கடல்நீரில் மிதந்து போகும். பொரிக்கும் குஞ்சுகள் மிக நுண்ணியவை. அவற்றுக்கேற்ற இரை கொடுப்பது கடினம். அதனால் கடைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடிபட்டவையே. ஒன்று செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்று நினைப்பது, பாறையிலிருந்து இன்னொன்றைப் பிடிக்கச் சொல்வதாகும். பவளத்தையும் கடலிலிருந்து எடுத்துவரக் கூடாது. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கோமாளி மீனில் தொடங்குங்கள். அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியிருக்கிறது. ஒரு முழுக் கோடையை அந்தத் தொட்டி தாக்குப்பிடித்தால், 10 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் கோரல் பியூட்டி என்ற குட்டை ஏஞ்சலை 250 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் வளர்க்கலாம். எம்பரர்தான் வேண்டும் என்பவர்கள், ஆறடித் தொட்டிக்கு வீட்டில் இடம் ஒதுக்கிய பிறகு கடைக்குக் கிளம்புங்கள்.