சொல்ல இயலாதவரின் உரிமை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன்பட்டவர் விவரம் அறியாதவராகவோ, பலவீனராகவோ, வாசகத்தைச் சொல்ல இயலாதவராகவோ இருப்பின், அவருடைய வலீ நீதியுடன் சொல்ல வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. சிந்தித்துப் பாருங்கள்! தன் சொல்லைத் தானே சொல்ல முடியாதவரை மார்க்கம் ஒதுக்கிவிடவில்லை. அவருக்குப் பொருளும் உண்டு, உரிமையும் உண்டு. அவரிடம் இல்லாத சொல்லை நிரப்பும் கடமை அவரைச் சார்ந்தோருடையது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். பேச்சு தாமதிக்கும், முகம் பார்த்துப் பழகுவது கடினமாகும், சிலருக்கு ஒலிபெருக்கியின் ஓசையே தாங்காது. இது பெற்றோரின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனையன்று, ஜின்னின் சேட்டையுமன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவர்களை உடனே அறிந்துகொள்ளவில்லை. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்து, பாதுகாவலர் நியமிக்க வழி செய்தது. ஆயினும் அரசு வேலை ஒதுக்கீடு எட்டாமலே இருந்தது. 2007இல் இந்தியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் பின்னர் 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைகளை ஏற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாடு 40 சதவீதத்திற்குக் குறையாதெனச் சான்று பெற்றவருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இடமும், அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடும் அச்சட்டம் தருகிறது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அந்த 4இல் 1 சதவீதத்தையே ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகிய பிரிவினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 40ஐத் தொடாதவருக்கு அந்த வாயில் திறப்பதில்லை. வழக்கத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டங்கள் காலம் மாறும்போது மாறும் என்பது ஃபுகஹாக்கள் அறிந்த விதிதான். ஆகவே இச்சட்டமும் இன்னும் திருந்த வேண்டுமென நாம் கோரலாம். ஆனால் பிள்ளையை வீட்டுக்குள் மறைத்துவைத்தால், அவனுக்காகக் கேட்பவர் யார்? சான்றிதழும் அடையாள அட்டையும் பெறுவது யாசகமன்று, ஹக்கைப் பெறுவதாகும்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் சட்டத்தின் பார்வையில் அவர் பெரியவர். தாய் தந்தையின் கையொப்பம் தானாகச் செல்லாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை பெறுங்கள். உங்களுக்குப் பின் யார் என்பதையும் இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் அஞ்சுங்கள். “இவனுக்கு என்ன தெரியும்?” என்று வாரிசுப் பங்கில் இவர்களை விட்டுவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது ஹராம். அறிவுக் குறைவு வாரிசுரிமையைக் குறைக்காது. பொருளை நிர்வகிக்க இயலாதவருக்கு அதிலிருந்தே உணவும் உடையும் அளித்து, அவரிடம் கனிவாகப் பேச வேண்டும் என்பது அந்நிஸா 5ஆம் வசனத்தின் போதனை.

மனநிலையில் குறையிருந்த ஒரு பெண்மணி தேவையொன்றைச் சொல்ல வந்தபோது, எந்தத் தெருவை விரும்புகிறாயோ அங்கே வருகிறேன் என்று கூறி, அவர் பேசி முடிக்கும்வரை நபி (ஸல்) அவர்கள் உடன் நின்றதாக முஸ்லிம் நூலில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உள்ளது. ஜும்ஆவில் இத்தகைய பிள்ளை சத்தமிட்டால் தந்தையை முறைத்துப் பார்க்கும் நாம், அந்தத் தெருவில் நின்ற பெருமானாரை நினைவுகூர வேண்டாமா? ஜமாஅத் நிர்வாகிகள் படிவம் நிரப்பவும், அலுவலகத்திற்கு உடன் செல்லவும் படித்த இளைஞர் இருவரை நியமித்தால் போதும். பல வீடுகளின் சுமை இறங்கும்.

வல்ல அல்லாஹ், சொல்ல இயலாதோரின் சொல்லாக நம்மை ஆக்கி, அவர்களின் உரிமையில் கை வைக்காமல் நம்மைக் காப்பானாக! ஆமீன்.