ஒன்னுக்குப் போவதைப் பற்றியும் பேசுவோம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், பேர், லயத்துக் கூரை என்று எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். ஆம்பிளைகள் ஒன்னுக்குப் போவதைப் பற்றி ஒரு கூட்டமும் போட்டதில்லை. சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நம் தோட்டத்தில் முப்பது வருசம் கவ்வாத்து வெட்டிய ஒரு பெரியவர். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம், பேர் வேண்டாம். இரண்டு வருசமாக ராத்திரியில் நாலைந்து தடவை எழும்புவார். கக்கூஸ் தூரம், மழை வேறு. போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சாரம் நனையும். வயசுதானே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். வீட்டு அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் தடிமனுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். அன்றிரவு ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு பானையாக வீங்கிவிட்டது. தோட்டத்து வாகனம் கேட்டு ஓடினோம். சாரதி இல்லை என்றார்கள். விடியப்போகும் நேரத்தில்தான் ஓட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் ஒரு லீட்டருக்கு மேல் இறங்கியது.

இது ஏன் வருகிறது? ஆம்பிளைகளுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் புரொஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவால்தான் வருகிறது. வயசு போகப் போகச் சுரப்பி பெருத்துக் குழாயை நெரிக்கும். 60 வயது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு இது பெருத்திருக்கும். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. ஆனால் அதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சில தடிமன் மாத்திரைகள் அடைப்பைக் கூட்டிவிடும். அதனால் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

இளம் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கான் விளிம்பிலோ கட்டையிலோ காலை அகட்டி விழுந்து அடிபட்டால் குழாய் கிழியலாம். நுனியில் இரத்தம் வந்தால், ஒன்னுக்கு வராவிட்டால், உடனே ஆஸ்பத்திரி. அன்றைக்கு மறைத்தால் பிறகு உள்ளே தழும்பு விழுந்து குழாய் சுருங்கும். நூல் போலத்தான் வரும். வெட்டை நோயை வைத்தியம் செய்யாமல் விட்டாலும் இதே கதிதான். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். சுருட்டு, பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கட்டாயம் காட்டுங்கள்.

வைத்தியம் என்றதும் கத்தி என்று பயப்படுகிறோம். முதலில் மாத்திரைதான். சிலருக்கு எழும்பும்போது தலை சுற்றும். மலைச்சரிவில் நிற்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மாத்திரை போதாவிட்டால் சத்திரசிகிச்சை. பெரும்பாலும் வயிற்றை வெட்டுவதில்லை. இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, குழாய் வழியாகவே கருவியை விட்டு, நெரிக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

நம் பெரியவருக்கும் அப்படித்தான் செய்தார்கள். சில நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. சில வாரம் அடக்க முடியாமல் கசிந்தது. பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். கசிவுக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்: ஒன்னுக்கை அடக்குவது போலத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். ஆண்மை போய்விடுமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் போகாது. ஆனால் விந்து வெளியே வராமல் பைக்குள் போகலாம். பிள்ளை வேண்டுமென்று இருப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள்.

டியூபோடு வீட்டுக்கு வருபவர்கள் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வையுங்கள். கை கழுவித் தொடுங்கள். டியூபை இழுக்காதீர்கள். மாற்றும் திகதியைத் தவற விடாதீர்கள். காய்ச்சல், நடுக்கம் வந்தால், பையில் சிறுநீர் இறங்காமல் நின்றால், காத்திருக்காதீர்கள். பெரியவருக்கு அந்தத் திகதியைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் வாசித்துச் சொன்னோம். வாசிக்க ஆளில்லாத வீடு எத்தனை?

வெட்கம் நம்முடையது, அதை நாம்தான் விட வேண்டும். ஆனால் வாகனம் இல்லாதது நம் வெட்கத்தால் அல்ல. தோட்டத்தில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. அதனால் கமிட்டி நான்கு கோரிக்கை வைக்கிறது. இரவிலும் வாகனமும் சாரதியும் வேண்டும். கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது. மலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கக்கூஸ் வேண்டும். கிளினிக் கொப்பியில் தமிழிலும் எழுத வேண்டும். கடிதம் தயாராக இருக்கிறது. கையொப்பம் வைத்துவிட்டுப் போங்கள்.

பெரியவர் உங்களிடம் சொல்லச் சொன்னது இதுதான்: “வெக்கப்பட்டு ரெண்டு வருசம் போச்சு. டியூப் போட பத்து நிமிசந்தான் ஆச்சு.”