பழைய ஓர்கனும் நமது பொறுப்பும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பஜனை மண்டபத்தின் மூலையிலே மூன்று ஆண்டுகள் வாய்மூடிக் கிடந்த மின் ஓர்கன், சென்ற மார்கழித் திருவெம்பாவைப் பூசையில் மீண்டும் ஒலித்தது. "அதை எப்படித் திருத்தினாய் என்று எல்லாருக்கும் சொல்" எனச் செயலாளர் பணித்தார். திருத்திய விதத்தோடு, திருத்தப் போய் நான் செய்த பிழையையும் சொல்லவே வந்திருக்கிறேன். பின்னது உங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். மேனாட்டு வாத்தியம் நமது பஜனைக்கு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆர்மோனியத்தைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971 இலேதான் அந்தத் தடையைத் தளர்த்தியது. கட்டைக்குக் கட்டை தாவும் வாத்தியத்தில் கமகம் வராது என்பது முக்கியமான ஆட்சேபம். ஓர்கனுக்கும் அது பொருந்தும். ஆனால் நாம் அதனிடம் கமகம் கேட்கவில்லை. தேவாரம் பாடும் சிறுவர் முப்பது பேர் ஆளுக்கொரு சுருதியில் போகாமல் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து நிற்கவே அதை வைத்திருக்கிறோம். அந்த வேலையை அது செவ்வனே செய்யும்.

அது நின்றுபோனதும் என்ன நடந்தது? நகரத்திலே ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்தும் பாராமல், "உதிரிப்பாகம் இல்லை, எறிந்துவிடுங்கள்" என்றார். புதியது வாங்கப் பணம் சேர்க்கலாமா என்று சங்கத்திலே பேச்செழுந்தது. அந்தப் பணம், பரீட்சை எழுதும் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கென ஒதுக்கிய பணம். அதனாலேயே, "விடுமுறை முடியும்வரை தவணை தாருங்கள்" என்று நான் கேட்டேன். மிஷன் பாடசாலையிலே காலால் மிதிக்கும் ஓர்கனை வாசிக்கப் பழகியிருந்தேன். பல்கலைக்கழகத்திலே கொஞ்சம் மின்னியல் படித்திருந்தேன். இரண்டும் அரைகுறை. இருந்தும், நால்வர் சேர்ந்து அதைத் தூக்கி லான்ட் மாஸ்டரில் ஏற்றி எங்கள் வீட்டு விறாந்தையில் இறக்கினார்கள்.

இனி, மின் ஓர்கன் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் லோரன்ஸ் ஹமண்ட் என்பவர் 1935 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓர்கனிலே, பல் வெட்டிய சிறு உலோகச் சக்கரங்கள் காந்தத்தின் முன் சுழன்று ஸ்வரங்களைப் பிறப்பித்தன. பின்னர் வந்தவற்றிலே சக்கரத்தின் இடத்தைத் திரான்சிற்றர் பிடித்தது. நம்முடையது 1970களின் வேலைப்பாடு. அதில் மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரங்களுக்குப் பன்னிரண்டு பிறப்பாக்கிகள் உண்டு. கீழ் ஸ்தாயிகளுக்குத் தனிப் பிறப்பாக்கி கிடையாது. செக்கனுக்கு 880 தடவை அதிரும் ஒலியைப் பாதியாக்கினால் 440, அதைப் பாதியாக்கினால் 220, பின்னர் 110. இப்படிப் பாதியாக்கும் சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கு பிறந்த ஒலி கட்டையின் கீழுள்ள தொடுகையைக் கடந்து, குரலின் தன்மையை மாற்றும் வடிகளைக் கடந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதியைக் கடந்து, பெருக்கியை அடைந்து, ஒலிபெருக்கி வழியே வெளியேறுகிறது. குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்குத் தண்ணீர் போவது போலத்தான். வயல் காய்ந்தால், வாய்க்கால் எந்த இடத்தில் அடைபட்டது என்றுதானே கமக்காரன் பார்ப்பான்?

அந்த இடத்தை மூடியைத் திறக்காமலே பெரும்பாலும் காதால் அறியலாம். ஒரேயொரு கட்டை பேசாவிட்டால் அல்லது கரகரத்தால், பழுது அந்தக் கட்டையின் தொடுகையில். ஒரு ஸ்வரம் எல்லா ஸ்தாயியிலும் பேசாவிட்டால், அதன் பிறப்பாக்கியில். மேலே பேசி, ஓரிடத்துக்குக் கீழே மாத்திரம் பேசாவிட்டால், அந்த இடத்துப் பாதியாக்கும் சுற்றில். எல்லா ஸ்வரமும் பேசி, கூடவே "உம்" என்ற இரைச்சல் கேட்டால், மின்வழங்கலில். விளக்கு எரிந்தும் எதுவுமே பேசாவிட்டால், பெருக்கியையோ கால்மிதியையோ பார்க்கவேண்டும். பல ஓர்கன்களின் கால்மிதிக்குள் ஒரு சிறு மின்குமிழும், ஒளி பட்டால் தடை குறையும் ஒரு கலமும் இருக்கும். அந்தக் குமிழ் எரிந்துபோனால் ஓர்கன் முழுவதும் ஊமையாகிவிடும்.

இவ்வளவையும் இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். அன்று நான் இப்படிக் கேட்டேனா? இல்லை. நம்முடையதில் இரைச்சல் இருந்தது. எல்லா ஸ்வரங்களும் நடுங்கின. மேல்வரிசையில் பல கட்டைகள் கரகரத்தன. சுருதி நடுங்குவதைக் கேட்டவுடன், பிறப்பாக்கிகள் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டினேன். அவற்றின் சுருளுக்குள் இருக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எது எங்கே நின்றது என்று குறித்தும் வைக்கவில்லை. இரவு பத்து மணியளவில் நடுக்கம் அப்படியே இருந்தது. பன்னிரண்டு ஸ்வரங்களும் பன்னிரண்டு திசையில் நின்றன. அம்மா வெளியே வந்து, "இதற்கு முன்னமே நன்றாய் இருந்தது, மகன்" என்றார்.

மறுநாள் காலை, எங்கள் அயலில் படகு எஞ்சின் திருத்தும் பெரியப்பா வந்தார். ஓர்கனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி, எஞ்சின் இருமினால் கண்ட ஆணியையும் திருகாதே. முதலில் எண்ணெய் சுத்தமாய் வருகுதா பார்" என்றார்.

அவர் சொன்ன எண்ணெய், ஓர்கனுக்கு மின்சாரம். சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, அதன் அலையைத் தணிப்பவை கொள்ளளவிகள். றேடியோ திருத்துபவர்கள் இவற்றைக் கொண்டென்சர் என்பார்கள். பெரிய கொள்ளளவிகளின் உள்ளே ஈரப்பசை ஒன்று உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டில் அது உலர்ந்துபோகும். உலர்ந்தால் அலை தணியாது. அந்த அலையே இரைச்சலாகக் கேட்டது; அதே அலை ஒவ்வொரு பிறப்பாக்கியையும் உலுக்கிச் சுருதியை நடுங்க வைத்தது. குற்றம் ஓரிடத்தில் இருக்க, குற்றமற்ற பன்னிரண்டு பேரை நான் தண்டித்திருந்தேன். நான்கு கொள்ளளவிகளை மாற்றியதும் இரைச்சலும் நடுக்கமும் ஒன்றாக நின்றன. குழம்பிய சுருதியைக் கைத்தொலைபேசியின் துணையோடு சரிசெய்ய மேலும் இரண்டு மாலைகள் பிடித்தன.

அடுத்தது கரகரத்த கட்டைகள். கட்டைகளைக் கழற்றியபோது இரண்டு பல்லிகளின் எலும்புக்கூடுகளும், மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் பச்சை பூத்த களிம்பும் இருந்தன. நமது ஊர் எங்கே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மேற்கே பெருங்கடல், கிழக்கே முந்தல் களப்பு, வடக்கே போனால் பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பளங்கள். உப்பு விளையும் காற்று இது. கடலைப் பார்த்த யன்னலின் கீழே ஓர்கனை வைத்து, மேலே ஒரு துணிகூடப் போடாமல் விட்டவர்கள் நாம்தான். சைவ சித்தாந்திகள் ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலே களிம்பை உவமையாகச் சொல்வார்கள். களிம்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதை அன்றுதான் கண்டேன். அரத்தாள் போட்டுத் தேய்க்கலாகாது. தொடுகையின் மேற்பூச்சு போய்விடும். மருந்துக்கடையிலே கிடைக்கும் ஐசோபுரப்பைல் அற்ககோலில் நனைத்த மென்தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைக்கவேண்டும். தங்கையும் அவள் தோழியரும் மூன்று நாட்கள் இதைச் செய்தார்கள். புகழ் எனக்கு வந்தது, கை அவர்களுடையது.

களிம்பு நீங்கியபின் ஒரு ஸ்வரம் மாத்திரம் நடுவுக்குக் கீழே ஊமையாக நின்றது. இம்முறை கேட்டபின்பே தொட்டேன். பாதியாக்கும் சுற்றொன்றில் ஒரு திரான்சிற்றர் செத்திருந்தது. மாற்றியதற்கான செலவு ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலைகூட இல்லை. உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: கீழ்வரிசையில் இரண்டு கட்டைகள் இன்றும் பேசவில்லை. அவற்றின் தகடுகள் முறிந்துவிட்டன. பொருத்தமான தகடு கிடைக்கவில்லை. அவை இல்லாமலே பாடிக்கொண்டிருக்கிறோம்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூடியைத் திறக்குமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மாத்திரம் போதாது. கழற்றிய பின்பும் கொள்ளளவியில் மின் தங்கியிருக்கும். வெற்றிடக் குழாய் வைத்த பழைய ஓர்கனில் அது நூற்றுக்கணக்கான வோல்ற்றாக இருக்கும், ஆளைக் கொல்லும். அத்தகையதைப் பழகியவர் இல்லாமல் தொடாதீர்கள். பியூஸ் எரிந்தால் கம்பியைச் சுற்றாதீர்கள். அதே அளவு பியூஸைத்தான் போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சில கருவிகள் 100 அல்லது 110 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. நமது வீடுகளில் இருப்பது 230. பின்புறத் தகட்டை வாசிக்காமல் செருகினால் பிறகு திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

திருத்துவதைச் சிறிய வேலை என்று எண்ணுவோருக்காக ஒரு வரலாறு. ஜப்பானிலே ஹமமட்சு என்னும் ஊரில் ஒரு பாடசாலையின் ஓர்கன் பழுதடைந்தது. 1887 ஆம் ஆண்டில் அதைத் திருத்த அழைக்கப்பட்டவர் தொரகுசு யமஹா. திருத்தியதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பை வரைந்து, தாமே ஓர் ஓர்கனைச் செய்தார். அதை நண்பரோடு காவுதடியில் சுமந்து, மலை கடந்து, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் நடந்து, தோக்கியோவிலே காட்டினார். சுருதி சரியில்லை என்றார்கள். அவர் அங்கேயே தங்கிச் சங்கீத இலக்கணம் கற்று, ஊர் திரும்பி, இரண்டாவதைச் சரியாகச் செய்தார். அவர் தொடங்கிய நிறுவனமே 1959 இல் மின் ஓர்கனையும் வெளியிட்டது. பழுதைத் திருத்தக் கற்றவர் செய்யவும் கற்றார். பிழை என்று சொன்னபோது கோபிக்காமல் கேட்டதும் அதற்கு ஒரு காரணம் என நினைக்கிறேன்.

2022 ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் இல்லை. கடையிலே உதிரிப்பாகம் இல்லை. வீட்டில் இருந்ததைத் திருத்தத் தெரிந்தவன் அன்று சமாளித்தான். அத்தகைய காலம் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது.

ஆகவே சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். ஓர்கனை யன்னலடியிலிருந்து அகற்றி, துணியால் மூடி, வாரம் ஒரு முறையேனும் வாசிப்போம். அதற்கென ஒரு கொப்பி வைத்து, எந்தப் பழுது, யார் திருத்தியது, என்ன பிழை விட்டது என்று எழுதிவைப்போம்; நான் விட்ட பிழையை முதற் பக்கத்தில் எழுதத் தயாராக இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலுள்ள வானொலி, மின்விசிறி முதலியவற்றைத் திருத்தப் பழகுவோம். படகு எஞ்சின் திருத்தும் பெரியப்பாவைப் போன்றவர்களை அன்று மண்டபத்துக்கு அழைத்து ஆசிரியராக அமர்த்துவோம். அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாம் கேட்காவிட்டால் அவர்களோடு போய்விடும்.

மாலை வகுப்புக்கான பணம் பத்திரமாக இருக்கிறது. வகுப்பு வருகின்ற திங்கட்கிழமை ஆரம்பமாகிறது. பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பிவையுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.