ஜாமீன் எடுத்த கை

ராதாபுரத்துக் காற்று காற்றாலையைச் சுற்றுகிற சுற்றில் என் மைக்கையும் சேர்த்துச் சுற்றுகிறது, சத்தமாகவே பேசிவிடுகிறேன்.

வாசகர் வட்டத்தார் கத்தி எடுத்த பையன்களின் கதையைப் பேசச் சொன்னார்கள். மனசில் முதலில் வந்தது ‘சுப்ரமணியபுரம்’. 2008-இல் வந்தது. பெரிய நட்சத்திரம் கிடையாது. சசிகுமாருக்கு இயக்குநராக முதல் படம். அவரே தயாரித்து, அவரே பரமனாகவும் நடித்தார். நாலு வருசம் கழித்து ‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ எடுத்த இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தன் படத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் என்ற மதுரைக்கார இயக்குநர் மூவருக்கும் நன்றி சொன்னார்.

கதை நடப்பது 1980-இல், மதுரையில். வேலைவெட்டி இல்லாத பையன்கள், அவர்களில் ஒருவன் பரமன். தெருவில் அடிதடி, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். அவர்களை ஜாமீனில் எடுக்க ஒரு கை வரும். முன்னாள் கவுன்சிலரின் தம்பி கனகுவின் கை அது.

படம் பார்த்தவர்கள் அரிவாளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த ஜாமீன்தான் பயம். அண்ணனுக்குக் கட்சிப் பதவி கிடைக்காமல் போனதும் கனகு பழைய கடனை வசூலிக்கிறான். கேட்பது பணமில்லை, ஓர் ஆளின் உயிர். பையன்கள் முடிக்கிறார்கள், ஜெயிலுக்குப் போகிறார்கள். இந்தத் தடவை அந்தக் கை வரவில்லை. கடைசியில் பரமனைப் பணத்துக்குக் காட்டிக்கொடுப்பவன், கூடவே சோறு தின்ற காசி.

மதுரை தூரம் என்று நினைக்காதீர்கள். போன மாசம் ஒரு டீக்கடையில் பார்த்தேன். போலீஸ் பிடித்த பைக்கை ஒரு வெள்ளைச்சட்டைக்காரர் ஒரே போனில் மீட்டுக் கொடுத்தார். பையன் கண் கலங்கி, “அண்ணாச்சி, உங்களுக்காக உசிரையும் கொடுப்பேன்” என்றான். அவர் சிரித்தார். ‘அதெல்லாம் வேண்டாம்லே’ என்று மட்டும் சொல்லவில்லை.

பெற்றவர்களே, பையன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் மானம் போச்சே என்று வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். தகப்பனோ தாய்மாமனோ வாத்தியாரோ முதலில் போய் நில்லுங்கள். நீங்கள் போகாத இடத்துக்குத்தான் வெள்ளைச்சட்டை போகிறது.

தம்பிமாரே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. எவராவது உங்கள் டீக்குக் காசு கொடுக்க வந்தால், முந்திக்கொண்டு நீங்களே கொடுத்துவிடுங்க மக்கா. செலவு அன்றைக்குப் பத்து ரூபாயோடு போகும்.