ஆண்டவரை எதிர்கொண்டு அழைப்போம்: மரித்தோரின் உயிர்ப்பும் ‘இரகசிய வருகை’யும்

(ஜுபிலி விழாவை ஒட்டி நடைபெற்ற மறைக்கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜுபிலி ஆண்டு நன்றியின் ஆண்டு. இக்கோவிலைக் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்த நம் முன்னோர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அவர்களை நினைக்கும் இந்நாளில், அவர்களுடைய கதி என்ன, நம்முடைய கதி என்ன என்று சிந்திப்பது பொருத்தமே.

நம் குடும்பத்தார் பலர் ஜெபக்கூட்டங்களில் ‘இரகசிய வருகை’ என்ற போதனையைக் கேட்டு வருகின்றனர். ஆண்டவர் ஒருநாள் உலகம் அறியாமல் வந்து தம்முடையவர்களை ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் கைவிடப்பட்டு ஏழாண்டு உபத்திரவத்தில் அகப்படுவார்கள். அதன்பின் அவர் வெளிப்படையாக வந்து ஆயிரம் ஆண்டு அரசாள்வார் என்பது அப்போதனை. கணவன் கோவிலுக்கும் மனைவி சபைக்கும் போகும் வீட்டில், “நீங்கள் கைவிடப்படுவீர்கள்” என்ற சொல் குடும்ப சமாதானத்தையே கெடுத்துவிடுகிறது. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை தாயை வீட்டில் காணாவிட்டால், வருகை நடந்துவிட்டதோ என்று நடுங்குகிறது. ஆகவே இதைக் கோபமின்றி ஆராய்வோம்.

முதலில் நம்மை ஒன்றாக்குவது எது என்று பார்ப்போம். கிறிஸ்து மகிமையோடு மீண்டும் வருவார், மரித்தோர் சரீரத்தோடு உயிர்ப்பர், நியாயத்தீர்ப்பு உண்டு: இம்மூன்றையும் கத்தோலிக்கரும், கீழைச் சபையாரும், லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சகோதரரும் ஒருங்கே விசுவசிக்கின்றனர். வேறுபாடு, எந்த ஒழுங்கில் எப்படி நிகழும் என்பதிலேதான்.

இந்த வேறுபாடு பழமையானது. திருவெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரம் கூறும் ஆயிரம் ஆண்டுகளை, 2-ஆம் நூற்றாண்டில் புனித யுஸ்தீனாரும் புனித இரேனேயுவும் பூமியில் வரப்போகும் அரசாட்சி என்றே எண்ணினர். ஆனால் இதில் தம்மோடு ஒத்துப்போகாத நல்ல கிறிஸ்தவர்களும் உண்டு என்று யுஸ்தீனாரே எழுதிவைத்தார். பின்னர் புனித அகுஸ்தீனார், ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலில், அந்த ஆயிரம் ஆண்டுகள் கிறிஸ்து தம் திருச்சபையில் அரசாளும் இக்காலத்தையே குறிக்கும் என விளக்கினார். மேற்கத்தியத் திருச்சபை பெரும்பாலும் அவர் வழி நின்றது. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் லுத்தரன் சபையாரும், உயிர்ப்புக்கு முன் பக்தர்கள் உலக அரசாட்சியைக் கைப்பற்றுவர் என்ற எண்ணத்தை மறுத்தனர்.

இரகசிய வருகை என்ற தனிப் போதனையோ, 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் பரவத் தொடங்கியது. அவர் அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாயிருந்து, பின்பு பிளிமத் சகோதரர் இயக்கத்தில் முதன்மையானவர். 1909-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமம் அதைத் தூரதேசங்களுக்கும் கொண்டு சென்றது. பிரிந்த சகோதரர் எல்லாருமே அதை ஏற்பதில்லை. உபத்திரவத்துக்குப் பின்னரே எடுத்துக்கொள்ளப்படுவோம் என்போர் அவர்களுக்குள்ளேயே உண்டு.

இப்போதனைக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்படுவது, பவுல் அப்போஸ்தலராகிய புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம், 4-ஆம் அதிகாரம். ஏறக்குறைய கி.பி. 50-இல் எழுதப்பட்ட இக்கடிதம் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று. அதை அவர் ஏன் எழுதினார்? தெசலோனிக்கேயில் சில விசுவாசிகள் இறந்துபோயினர். ஆண்டவர் வருமுன்னே இறந்தவர்கள் அந்தப் பாக்கியத்தை இழந்துவிடுவார்களோ என்று உறவினர் கலங்கினர். அவர்களைப் பார்த்து அப்போஸ்தலர், மரித்தோரே முதலில் உயிர்ப்பர், பிறகே உயிரோடிருப்போர் அவர்களோடு சேர்ந்து ஆண்டவரை எதிர்கொள்ள மேகங்களில் கொண்டுபோகப்படுவர் என்கிறார். இச்சொற்களால் ஒருவரையொருவர் தேற்றும்படி சொல்லி முடிக்கிறார்.

கவனியுங்கள், அன்பர்களே! துக்க வீட்டுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட வசனம் அது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பதற்கல்ல, பிரிந்தவர்களைச் சேர்ப்பதற்கே எழுதப்பட்டது. அங்கே இரகசியமும் இல்லை. தேவதூதனின் குரலும் எக்காளமும் முழங்குகின்றன.

‘எதிர்கொள்ள’ என்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. அதன் கிரேக்கச் சொல் மூலநூலில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளிலும் வருகிறது. மத்தேயு 25-இல் பத்துக் கன்னியர் மணவாளனை எதிர்கொள்ள அழைக்கப்படுகிறார்கள். ஆயத்தமாயிருந்தவர்கள் அவரோடு மணவீட்டில் நுழைகிறார்கள். அப்போஸ்தலர் பணி 28-இல் உரோமைச் சகோதரர் வெகுதூரம் நடந்துவந்து புனித சின்னப்பரை எதிர்கொள்கிறார்கள். பிறகு அவர் உரோமைக்குள் வருகிறார். நமக்கு இது புதிதல்ல. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையோடு வேறு ஊருக்கு ஓடிவிடுவதில்லை. ஆயர் வரும்போது ஊர் எல்லைக்குச் சென்று, மாலையிட்டு, மேளதாளத்துடன் கோவிலுக்கு அழைத்து வருகிறோம். ஆகாயத்தில் எதிர்கொள்வதும் அவ்வாறே, வருகிற அரசரை வரவேற்பதாகும் என்று வேத விற்பன்னர் பலர் விளக்குகின்றனர்.

நம் திருச்சபையின் போதனை என்ன? மரித்தவுடன் ஆன்மா தனித்தீர்ப்புப் பெறுகிறது. தூய ஆன்மாக்கள் கடைசி நாள்வரை காத்திராமல் கடவுளை நேருக்கு நேர் காண்கின்றன என்று 1336-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர் வரையறுத்தார். சுத்திகரிப்புத் தேவைப்படும் ஆன்மாக்களுக்கு நம் ஜெபமும் திருப்பலியும் உதவுகின்றன. கடைசி நாளில் கிறிஸ்து ஒரே முறை மகிமையோடு வருவார்; எல்லாரும் சரீரத்தோடு உயிர்ப்பர். அதற்குமுன் திருச்சபை கடும் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. துன்பம் தொடாமல் தப்பிக்கும் வழி நமக்கு வாக்களிக்கப்படவில்லை. துன்பத்தில் ஆண்டவர் நம்மோடிருப்பார் என்பதே வாக்கு.

நாள் குறிப்பவர்களை நம்பாதீர்கள். 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் காத்திருந்து ஏமாந்தனர். 1992 அக்டோபர் 28 அன்று எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று நம்பித் தென்கொரியாவில் பலர் வேலையை விட்டனர், சொத்தை விற்றனர். மறுநாளும் பொழுது விடிந்தது. ஆண்டவரின் நாள் வந்துவிட்டதெனக் கலங்க வேண்டாம், உழைத்து உண்ணுங்கள் என்றுதான் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் புத்தி சொல்கிறது.

ஆனால் ஒரு காரியத்தில் அந்தச் சகோதரர் நமக்குப் பாடமாயிருக்கின்றனர். அவர்கள் ஆண்டவரின் வருகைக்கு ஏங்குகிறார்கள். நாமோ ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அதை அறிக்கையிட்டுவிட்டு, வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறோம். ஆயத்தம் என்பது நாள் எண்ணுவதல்ல. பகையை ஆற்றுவது, கடனைத் தீர்ப்பது, பசித்தவனுக்குச் சோறிடுவது, பாவசங்கீர்த்தனம் செய்வது, இவையே ஆயத்தம்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளை இவ்வசனத்தால் அச்சுறுத்த விடாதீர்கள். உங்கள் வீட்டில் வேறு சபைக்குப் போகிறவர் இருந்தால் சண்டையிடாதீர்கள். அந்த அதிகாரத்தைக் கடைசி வரி வரைக்கும் சேர்ந்து வாசியுங்கள். துக்க வீட்டுக்குப் போனால் அதையே வாசித்துத் தேற்றுங்கள். நம் முன்னோர் கைவிடப்பட்டவர்கள் அல்லர். எக்காளம் முழங்கும் அந்நாளில் அவர்களே முதலில் எழுவர். நாமும் அவர்களோடு சேர்ந்து ஆண்டவரை எதிர்கொண்டு அழைப்போம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.