தாழ்வு மனப்பான்மையை வெல்வோம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளை கல்லூரிக்கு வருகிறான். முதல் வாரமே எல்லாம் ஆங்கிலம். பக்கத்து பெஞ்சுக்காரன் சரளமாகப் பேசுகிறான். அவ்வளவுதான்! "நமக்கு இது சரிப்பட்டு வராதுடா" என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறான். சந்தேகம் கேட்பதில்லை, செமினார் என்றால் லீவு. கேட்காததால் புரிவதில்லை, புரியாததால் மார்க் குறைகிறது. மார்க்கைப் பார்த்ததும், "நான் நினைச்சது சரிதான்" என்று முடிவு கட்டிவிடுகிறான். படிப்பையே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் உண்டு.

அவனிடம் குறைவாக இருப்பது ஆங்கிலப் பழக்கம். அவன் குறைத்து மதிப்பதோ தன்னையே!

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் ஒரு கணக்குச் சொன்னார். நம் வெற்றியை நம் எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பதே சுயமதிப்பு. 'ஒரே மாதத்தில் அவனைப் போலப் பேச வேண்டும்' என்றால் வகுக்கும் எண் பெரிதாகிறது. விடை சிறுத்துப் போகிறது. அதற்காக ஆசையை விட வேண்டாம். துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம்தான் என்று 1977-இல் எழுதினார் ஆல்பர்ட் பாண்டுரா. பாராட்டும் அறிவுரையும் அதற்கு அடுத்தபடிதான்.

எனவே, இந்த வாரம் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி, தமிழிலேயே கேளுங்கள். அடுத்த வாரம் ஆங்கிலத்தில் கேளுங்கள். ரூமில் இரண்டு நண்பர்களுக்கு ஐந்து நிமிடம் பாடம் நடத்துங்கள். தப்பு வந்தால் சிரிப்பார்களே? சிரிக்கட்டுமே! "நான் மக்கு" என்று சொல்லாதீர்கள். "இந்தப் பாடம் இன்னும் புரியவில்லை" என்று சொல்லுங்கள். முன்னது தீர்ப்பு; பின்னது செய்ய வேண்டிய வேலை.

குமரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த கே. சிவன் 2018-இல் இஸ்ரோ தலைவரானார். மொழி தடுக்கவில்லை.

தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்கு மனம் சோர்ந்தால், தனியே கிடந்து தவிக்காதீர்கள். ஆசிரியரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசுங்கள். 14416 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன்னாடையோடு நின்றுவிடாமல், ஆளுக்கொரு மாணவரை அருகில் அழைத்துப் பேச வையுங்கள். உங்கள் வெற்றிகளோடு, முதலாண்டில் திணறியதையும் சொல்லுங்கள். "அண்ணனுக்கும் இப்படித்தானா?" என்று கேட்கும்போதே பாதி பாரம் இறங்கிவிடும்.